சுவர்ல பேரு... வாயில ரைமு! நியூயார்க் டு அண்ணாமலை நகர் - ஒரு ஹிப் ஹாப் ரூட் மேப்

கிளாஸ்ல கடைசி பெஞ்சு கிடைச்சா அடுத்த முறை அந்த மரப்பலகையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. காம்பஸ் முனையால கீறின பேரு, பேட்ச் வருஷம், அம்பு குத்தின ஒரு ஹார்ட்டு, அதை யாரோ கோபமா அடிச்சுவிட்ட கோடு... எல்லாம் இருக்கும். உங்களுக்கு முன்னாடி அங்கே உட்கார்ந்து தூங்கிட்டுப் போனவங்களோட அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் அது. அவங்க சொல்ல நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான், 'நானும் இங்க இருந்தேன்.'

இந்த ஆசை சுவருக்குப் போனா கிராஃபிட்டி. பீட் மேல ஏறினா ராப். ரெண்டும் ஒரே தெருவுல ஒண்ணா வளர்ந்த பிள்ளைங்க. பெரிய சைஸ் ஹூடி, கழுத்துல சங்கிலி, கையை ஆட்டி ஆட்டிப் பேசுறது... இவ்வளவுதான் ஹிப் ஹாப்னு நினைச்சிட்டிருந்தீங்கன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு பாஸ். அந்தக் கதையில சிதம்பரத்துக்குப் பக்கத்துல இருக்குற நம்ம அண்ணாமலை நகருக்கும் ரெண்டு முக்கியமான இடம் இருக்கு. வாங்க, பொறுமையா பார்க்கலாம்.

ஒரு டெலிவரி பையன், ஒரு ஸ்கூல் பார்ட்டி

1970-களோட தொடக்கம். நியூயார்க்ல டிமெட்ரியஸ்னு ஒரு கிரேக்கக் குடும்பத்துப் பையன். வீட்ல செல்லப் பேரு டாக்கி. குடியிருந்தது 183-வது தெரு. ஊர் முழுக்க ஓடி பார்சலும் கடிதமும் கொடுக்குற வேலை. போற இடத்துல எல்லாம் மார்க்கர் பேனாவால 'டாக்கி 183'னு எழுதிட்டுப் போயிடுவான். 1971 ஜூலை 21 அன்னைக்கு 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அவனைப் பத்திச் செய்தி போட்டுச்சு. அவ்வளவுதான். ஊர்ல இருக்குற பசங்க எல்லாம் செல்லப் பேரும் தெரு நம்பரும் சேர்த்து எழுத ஆரம்பிச்சிட்டாங்க. அவனுக்கு முன்னாடியே ஃபிலடெல்பியாவுல கார்ன்பிரெட்டுங்கிற பேர்ல ஒருத்தர் இதைச் செஞ்சவர்தான். ஆனா, டாக்கி மேட்டர் பேப்பர்ல வந்ததும் அது ஒரு விளையாட்டாவே மாறிடுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்க்ஸ் ஏரியா, செட்ஜ்விக் அவென்யூ, 1520-ம் நம்பர் அபார்ட்மென்ட். சிண்டி கேம்ப்பெல்னு ஒரு பொண்ணு, ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி புது டிரெஸ் வாங்கக் காசு சேர்க்கணும்னு ஒரு பார்ட்டி வைக்கிறாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். பாட்டுப் போட்டது அவங்க அண்ணன் கிளைவ். ஜமைக்காவுல இருந்து வந்த, அப்போ 18 வயசான அந்தப் பையன்தான் டிஜே கூல் ஹெர்க். ஹிப் ஹாப்போட பிறந்தநாளா உலகமே கொண்டாடுறது இந்தத் தேதியைத்தான்.

ஹெர்க் என்ன செஞ்சார்? ஒரு பாட்டுல பாடுறவங்க நிறுத்தி, வெறும் டிரம்ஸ் மட்டும் வர்ற சில செகண்ட் இருக்கும்ல? அதுக்குப் பேரு பிரேக். அந்த இடம் வந்தாதான் கூட்டம் வெறித்தனமா ஆடுதுனு அவர் கவனிச்சார். ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி, ரெண்டு டர்ன்டேபிள். ஒண்ணுல பிரேக் முடியும்போது இன்னொண்ணுல தொடங்கும். இப்படிச் சில செகண்ட்டை நிமிஷக்கணக்குல இழுத்தார். அந்த பிரேக்ல ஆடினவங்கதான் பி-பாய்ஸ், பி-கேர்ள்ஸ். மைக்ல கூட்டத்தை உசுப்பேத்தினவங்க எம்சி. அந்த மைக் பேச்சு வளர்ந்து ராப் ஆச்சு. டிஜே, எம்சி, டான்ஸ், கிராஃபிட்டி. ஹிப் ஹாப்போட நாலு தூண்களும் ரெடி.

ஏன் அந்த ஏரியாவுல? நடுவுல பெரிய எக்ஸ்பிரஸ் வே போட்டு குடியிருப்புகளை உடைச்சாங்க. வேலை போச்சு. கட்டடங்கள் வரிசையா எரிஞ்சுது. நகராட்சிகிட்ட காசு இல்ல. இன்ஸ்ட்ருமென்ட் வாங்க வழியில்லாத பசங்க, வீட்ல இருந்த ரெக்கார்ட் பிளேயரையே வாத்தியம் ஆக்கினாங்க. கேன்வாஸ் வாங்க முடியாதவங்க ரயிலையே கேன்வாஸ் ஆக்கினாங்க.

இதுக்குள்ள வளர்றதுன்னா எப்படி?

ஏன் குறிப்பா ரயில்? சிம்பிள். சுவர் நின்ன இடத்துல நிக்கும். ரயில் ஊரையே சுத்தும். எங்கயோ ஒரு மூலையில இருக்குற பையனோட பேரு, பணக்காரங்க இருக்குற ஏரியா வழியா தினமும் ரெண்டு தடவை ஓடும். இன்னைக்கு நம்ம பாஷையில சொன்னா, 'ரீச்'.

அங்கேயும் குரு-சிஷ்யன் கதை உண்டு. புதுசா வர்றவனுக்கு 'டாய்'னு பேரு, நம்ம ஊர்ல 'கத்துக்குட்டி'னு சொல்வோமே, அது மாதிரி. முதல்ல கையெழுத்து மாதிரி ஒரே கோட்டுல எழுதுறது 'டேக்'. அடுத்து ரெண்டு கலர்ல குண்டு குண்டா, வேகமா அடிக்கிறது 'த்ரோ-அப்'. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பல கலர்ல வரையிறது 'பீஸ்'. எழுத்தை வளைச்சு, பின்னி, வெளியாளுக்குப் படிக்கவே முடியாத மாதிரி செய்யிறது 'வைல்டு ஸ்டைல்'. எல்லாத்துக்கும் முன்னாடி 'பிளாக் புக்'னு ஒரு நோட்டு. சுவர்ல வர்றதுக்கு முன்னாடி அந்த நோட்டுல நூறு தடவை எழுதிப் பார்க்கணும். சீனியர் அதைப் பார்த்துத் தலையாட்டணும். இன்னொருத்தர் பீஸ் மேல எழுதினா சண்டைதான்.

1983-ல வந்த 'ஸ்டைல் வார்ஸ்' டாக்குமென்டரியை நேரம் கிடைச்சா பாருங்க. ஸ்கீம்ங்கிற பையனும் அவனோட அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசுற இடம் ஒண்ணு வரும். ராத்திரி நேரத்துல ரயில்வே யார்டுக்குள்ள போய் பெயின்ட் அடிக்கிறதுல என்ன சுகம்னு அந்த அம்மாவுக்குக் கடைசிவரை புரியலை. பையனுக்கு அதை விளக்கத் தெரியலை. 'எதுக்குடா உனக்கு இந்த வேலை?'னு வீட்ல திட்டு வாங்கின எல்லாருக்கும் அந்தக் காட்சி நெருக்கமா இருக்கும்.

ஆனா, ரொமான்டிசைஸ் பண்ணிட வேணாம். ஓடுற தண்டவாளத்துல, மின்சாரம் பாயுற மூணாவது ரயிலுக்குப் பக்கத்துல நின்ன பசங்க அவங்க. நிறையப் பேர் மாட்டினாங்க. 1989-ல நியூயார்க் ரயில்வே, பெயின்ட் இருக்குற ஒரு ரயிலைக்கூட ஓட விடமாட்டோம்னு கறாரா நின்னு அந்தக் காலத்தை முடிச்சு வச்சுது. அதுக்குள்ள அந்த எழுத்து உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

நம்ம ஊர்ச் சுவர் யாரோடது?

இப்போ ஊருக்குத் திரும்புவோம். 'கிராஃபிட்டி எல்லாம் ஃபாரின் கல்ச்சர் ப்ரோ'னு யாராச்சும் சொன்னா சிரிச்சிடுங்க. சுவர்ல எழுதுறதுல தமிழ்நாடு யாருக்கும் இளைச்சது இல்ல.

பெரியார் இயக்கத்துல 'சுவரெழுத்து சுப்பையா'னு ஒருத்தர் இருந்தார். ஊர் ஊராப் போய் பகுத்தறிவு வாசகங்களைச் சுவர்ல எழுதியே அந்தப் பேரை வாங்கினவர். டாக்கிக்குத் தெரு நம்பர் ஒட்டிக்கிட்ட மாதிரி, இவருக்குச் செஞ்ச வேலையே இனிஷியல் ஆயிடுச்சு. 1950-கள்ல ரயில் நிலையப் பலகைகள்ல இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிச்ச போராட்டங்கள் நடந்துச்சு. 1953 ஜூலை 15-ல டால்மியாபுரம் ஸ்டேஷன் போர்டு மேல 'கல்லக்குடி'னு தமிழ்ப் பேரை ஒட்டினாங்க, கருணாநிதி தண்டவாளத்துல படுத்தார். நியூயார்க் பசங்க ரயில்ல பேர் எழுதுறதுக்கு கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னாடியே, நம்மாளுங்க ரயில்வே ஸ்டேஷனோட பேரையே மாத்தப் போனவங்க!

இதுல அண்ணாமலை நகரோட முதல் இடம் வருது. 1965 ஜனவரி, இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்துல இருந்த நேரம். ஜனவரி 27-ம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு. ராஜேந்திரன்ங்கிற மாணவர் இறந்துபோனார். அவரோட சிலை இன்னைக்கும் பல்கலைக்கழக வாசல்ல இருக்கு. உங்க வயசுல இருந்த ஒரு பையன். கோஷம் போடுறதும், போர்டுல ஒரு எழுத்து இருக்கணுமா வேணாமாங்கிறதும் சும்மா விளையாட்டு இல்லைன்னு ஞாபகப்படுத்திட்டே நிக்கிற சிலை அது.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. நியூயார்க் பையன் எழுதினது தன்னோட பேரை. நம்ம சுவர்ல வந்தது பெரும்பாலும் இயக்கத்தோட பேரு, கட்சியோட பேரு, தலைவரோட பேரு, நடிகரோட பேரு, அப்புறம் சிமென்ட் கம்பெனி பேரு. எலெக்‌ஷன் நெருங்கினா பார்த்திருப்பீங்க. சுண்ணாம்பு அடிச்சு, கட்சிப் பேரையும் வருஷத்தையும் எழுதி, சுவரை 'ரிசர்வ்' பண்ணி வச்சிருப்பாங்க. ரயில்ல சீட்டுக்குத் துண்டு போடுற மாதிரி! அந்தச் சுவருக்குள்ள குடியிருக்குறவங்களைக் கேட்டாங்களாங்கிறது வேற கதை.

அந்த எழுத்தை எழுதினவர் யாரு? பெரும்பாலும் நம்ம ஏரியாவுல இருந்த ஒரு பெயின்டர் அண்ணன். ஓரத்துல குட்டியா '____ ஆர்ட்ஸ்'னு கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த மூலைக் கையெழுத்துதான் நம்ம ஊரோட ஒரிஜினல் 'டேக்'. ஃபிளெக்ஸ் பிரின்டிங் வந்ததும் அவங்கள்ல பலருக்கு வேலை போச்சு. இன்னைக்கு ஒரு எழுத்தை அளந்து, கட்டம் போட்டு, நூல்ல சாக்பீஸ் தடவிக் கோடு அடிச்சு எழுதத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான்.

'தமிழ்ல பாட முடியுமா?' - அண்ணாமலை நகர் கேட்ட கேள்வி

ரெண்டாவது இடம் இது. 1940-கள்ல கர்னாடக இசைக் கச்சேரின்னா பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான். தமிழ்ப் பாட்டு கடைசியில 'துக்கடா'வா வந்தா உண்டு. கேட்கிற ஜனங்களுக்குப் புரியுற மொழியில பாடினா என்னனு ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கேட்டார். தமிழ்ப் பாடல்களை வளர்க்கப் பணமும் ஒதுக்கினார். 1941-ல அண்ணாமலை நகர்ல தமிழிசை மாநாடு நடந்துச்சு. 1943-ல சென்னையில தமிழிசைச் சங்கம் வந்துச்சு. 'இசைக்கு மொழி முக்கியமா? கலையோட தரம் குறைஞ்சிடாதா?'னு எதிர்த்தரப்பு வாதாடுச்சு. பெரிய சண்டையே ஓடுச்சு.

அறுபது வருஷம் கழிச்சு அதே கேள்வி ராப்புக்கு வந்துச்சு. 'ராப்னா இங்கிலீஷ்தானே... தமிழ்ல செட் ஆகுமா?' மொழி மாறலை, கேள்வி மாறலை, வாத்தியம் மட்டும்தான் மாறுச்சு. பதில் சொன்னது யாருன்னு பார்ப்போம்.

1994-ல 'காதலன்' படத்துல 'பேட்டை ராப்' வந்து, மெட்ராஸ் பாஷையில வேகமா பேசினாலே அது பாட்டு ஆகும்னு காட்டுச்சு. ஆனா, ராப்பை முழு மூச்சா எடுத்துக்கிட்ட முதல் தமிழ்ப் பசங்க பெரும்பாலும் கடல் தாண்டி இருந்தாங்க. மலேசியாவுல 'பொயட்டிக் அம்மோ' குழு 1998-ல ஆல்பம் போட்டுச்சு. ஒரே ஆல்பத்துல பல மொழி, அதுல தமிழும் ஒண்ணு. அந்தக் குழுவுல இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் கூடச் சேர்ந்து 'யோகி பி அண்ட் நட்சத்ரா'னு 2006-ல 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தார். இளையராஜாவோட பழைய பாட்டை எடுத்து அவங்க செஞ்ச 'மடை திறந்து' இங்க காட்டுத்தீ மாதிரி பரவுச்சு. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்துல யோகி பி குரல்.

அப்போ ஸ்பாட்டிஃபை கிடையாது. மொபைல் கடையில மெமரி கார்டு கொடுத்து பாட்டு ஏத்தின காலம். ஹாஸ்டல்ல ஒருத்தன்கிட்ட பாட்டு வந்தா, புளூடூத்ல ரூம் ரூமாப் போகும். ஃபைல் பேரு தப்பா இருக்கும், பாடினவர் பேரு இருக்காது. ஆனா வரி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். 80-கள்ல நியூயார்க் பசங்க கேசட் மாத்திக்கிட்ட மாதிரிதான் இது.

2011-ல கோயம்புத்தூர் பையன் ஆதி, ஜீவாவோட சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா'வோட 'கிளப்புல மப்புல' யூடியூப்ல வெடிச்சுது. 2012-ல 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம். சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காம, நெட்ல நேரா பாட்டைப் போட்டு ஜெயிக்கலாம்னு ஒரு தலைமுறைக்கே வழி தெரிஞ்சுது. அதே நேரம், பொண்ணுங்க என்ன டிரெஸ் போடணும், எங்க போகணும்னு பசங்க பாடம் எடுக்குறதுதான் தெரு இசையாங்கிற கேள்வியும் அந்தப் பாட்டோடவே வந்துச்சு. நியாயமான கேள்விதான். 2010-ல 'எந்திரன்' படத்துல சிங்கப்பூர் லேடி காஷும், ஆஸ்திரேலியாவுல வளர்ந்த கிரிஸியும் ராப் பாடினதை நினைச்சுக்கோங்க. மைக் எப்பவும் பசங்ககிட்ட மட்டுமே இருந்ததில்ல.

எதுகை, மோனை, ஃப்ளோ

'தமிழ்ல ரைம் வராது'னு இனிமே யாராச்சும் சொன்னா இதைக் காட்டுங்க. இங்கிலீஷ் ராப்ல ரைம் பெரும்பாலும் வரியோட கடைசியில வரும். தமிழ்ல அதுக்கு 'இயைபு'னு பேரு. ஆனா, நம்மகிட்ட கூடுதலா ரெண்டு ஆயுதம் இருக்கு. முதல் எழுத்து ஒத்துப்போனா மோனை. ரெண்டாவது எழுத்து ஒத்துப்போனா எதுகை. ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சு மறந்த அதேதான்!

இப்பவே ஒரு வரி கட்டிப் பார்ப்போமா?

'காலேஜ் கேட்டுல நின்னேன்,
கவலையை மென்னு தின்னேன்.'

'கா - க' மோனை. 'நின்னேன் - தின்னேன்' இயைபு. அடுத்து, 'சிதம்பரம் தாண்டி வந்தவன், பதம் பார்த்துப் பாட்டைத் தந்தவன்'. 'சிதம் - பதம்', ரெண்டாவது எழுத்து 'த'. அது எதுகை. முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடி. பீட்டுல விழும்போது ரெண்டு பக்கமும் தட்டும். சந்தம்னு நம்ம புலவர்கள் சொன்னதும், ஃப்ளோனு ராப்பர்கள் சொல்றதும் பக்கத்து பக்கத்து வீடுதான். திருப்புகழைச் சத்தமா, வேகமா ஒரு தடவை படிச்சுப் பாருங்க, மூச்சு எங்க எடுக்கணும்னு தேட வேண்டியிருக்கும்.

டான்ஸுக்கும் ஒரு லோக்கல் துப்பு இருக்கு. சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுர வாசல்ல 108 கரணங்களோட சிற்பங்கள் இருக்கு. உடம்பை முறுக்கி, ஒரு நொடியில அப்படியே உறைஞ்ச மாதிரி நிக்கிற போஸ்கள். பி-பாயிங்ல இப்படி உறைஞ்சு நிக்கிறதை 'ஃப்ரீஸ்'னு சொல்வாங்க. ரெண்டும் வேற வேற ஊர், வேற வேற காரணம். ஆனா, ஆடுற உடம்புக்கு அந்த உறையுற நொடியோட கெத்து தெரியும்.

தாராவியும் லண்டனும் வளர்த்த தமிழ்ப் பிள்ளைகள்

நிஜமாவே ஹிப் ஹாப்புக்குள்ள வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கணும்னா மும்பை தாராவிக்குப் போகணும். திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இருக்குற இடம். அங்க சந்துல பி-பாயிங் பழகி, ராப் எழுதி, ஹிந்தி, மராத்தி, தமிழ்னு கலந்து பாடின பசங்களோட குழுதான் 'டோப்அடெலிக்ஸ்'. 2018-ல வந்த 'காலா' படத்துல சந்தோஷ் நாராயணன் இசையில அவங்க குரல் வந்துச்சு. தாராவியைப் பத்தின ரஜினி படத்துல தாராவிப் பசங்களே பாடினாங்க. 2015-ல அங்க ஹிப் ஹாப்புக்குனு இலவசப் பள்ளியே தொடங்கினாங்க. ஸ்கூல் விட்டதும் ராப், பீட்பாக்ஸ், பி-பாயிங், கிராஃபிட்டி கிளாஸ்.

இன்னொருத்தர் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி மாயா அருள்பிரகாசம். லண்டன்ல பிறந்து, குழந்தையிலேயே இலங்கை போய், போருக்கு நடுவுல யாழ்ப்பாணத்துல வளர்ந்து, 1986-ல அகதியா லண்டன் திரும்பினவர். பக்கத்து வீட்ல இருந்து கேட்ட ஹிப் ஹாப் அவரைப் பிடிச்சுக்கிச்சு. ஆர்ட் காலேஜ் படிச்சார். முதல்ல பாட்டு இல்ல, ஸ்டென்சில் வச்சு ஸ்ப்ரே பெயின்ட் அடிச்ச படங்களைத்தான் கண்காட்சி வச்சார். புலி, பனைமரம், துப்பாக்கினு எல்லாமே அவர் பார்த்த ஊரு. 2005-ல வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, 'அருளர்'. 2007-ல வந்த அடுத்ததுக்கு அம்மா பேரு, 'கலா'. பேர் எழுதுறதுதான் கிராஃபிட்டின்னா, ஒரு அகதிப் பொண்ணு தன் அம்மா அப்பா பேரை உலகத்தோட சுவர்ல எழுதின கதை இது.

பேரு போனா என்ன ஆகும்?

இப்போ சீரியஸான மேட்டர். இந்தக் கலையே பேருக்காகத்தான்னா, பேரு விடுபட்டா என்ன மிச்சம்?

2018 ஜனவரி 6-ல சென்னையில 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவையா மேடை ஏறுச்சு. கானா, ராப், ராக் எல்லாம் சேர்த்து சாதியை நேருக்கு நேரா கேள்வி கேட்ட இசைக்குழு. பேருக்குக் காரணம் அயோத்திதாசப் பண்டிதர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புல 'சாதியற்ற தமிழர்'னு பதியச் சொன்னவர் அவர். அந்தக் குழுவுல இருந்து வந்தவர் அரக்கோணம் பையன் அறிவு. 2021 மார்ச்ல 'எஞ்சாய் எஞ்சாமி' வந்து உலகத்தையே ஆட வச்சுது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்சு, சொந்த நிலம் இல்லாம ஊர் திரும்பின பாட்டி வள்ளியம்மாளோட கதைதான் அதுக்கு விதை.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் பத்தி எழுதுச்சு. அட்டையில அறிவு இல்ல. இயக்குநர் பா.இரஞ்சித் உட்பட பலர் கேள்வி கேட்டதுக்கு அப்புறம் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. 2022 ஜூலைல செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அந்தப் பாட்டு மேடை ஏறினப்பவும் அவர் இல்ல. அறிவு இன்ஸ்டாகிராம்ல மனசு விட்டு எழுதினார். கூடப் பாடின தீயும், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் அவங்க தரப்பைச் சொன்னாங்க. 2024-ல இன்னொரு திருப்பம், அந்தப் பாட்டுல இருந்து தங்களுக்கு எந்த வருமானமும் வரலைனு சந்தோஷ் நாராயணனே வெளிப்படையா சொன்னார். கோடிக்கணக்கான வியூஸ் வந்த பாட்டுக்கே இந்த நிலைமைன்னா, பெட்ரூம்ல ரெக்கார்டு பண்ற நீங்க எவ்வளவு கவனமா இருக்கணும்!

சுவருக்கும் இதே பிரச்னைதான். சென்னை கண்ணகி நகரைத் தெரியும்ல? நகரத்துக் குடிசைப்பகுதிகள்ல இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை 2000-ல இருந்து குடியேத்தின இடம். 2020-ல அங்க பிளாக் பிளாக்கா பிரமாண்டமான ஓவியங்கள் வந்துச்சு. சென்னை கிராஃபிட்டி கலைஞர் ஏ-கில் உட்பட பலர் வரைஞ்சாங்க. 'கண்ணகி நகரா?'னு முகம் சுளிச்சவங்க கேமராவோட போனாங்க. அங்கே இருக்குற பிள்ளைங்களுக்கு அட்ரஸ் சொல்றதுல ஒரு தைரியம் வந்தா அது நல்ல விஷயம்தான். ஆனா, வேலைக்குப் பல கிலோமீட்டர் பஸ்ல போற சிரமம் பெயின்ட்டால போகாது. ஓவியத்தை ரசிக்கும்போது ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். யார் வரையிறாங்க, யாரைக் கேட்டு வரையிறாங்க, அதுக்குள்ள குடியிருக்குறது யாரு?

ஸ்டார்ட் பண்ணணுமா? இதைக் கவனிங்க

* முதல்ல நோட்டு: சுவரைத் தேடாதீங்க. உங்க பேரைத் தமிழ்ல நூறு விதமா எழுதுங்க. சுழி, கொம்பு, புள்ளினு நம்ம எழுத்துல விளையாட இடம் ஏராளம். உங்க ஊர்ல பழைய பெயின்டர் அண்ணன் இருந்தா ஒரு டீ வாங்கிக் கொடுத்து பக்கத்துல உட்காருங்க. எந்த யூடியூப் சேனலும் அந்தப் பாடத்தைத் தராது.

* சுவருக்கு ஓனர் உண்டு: பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்துல கிறுக்கினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்னு போகலாம். 2022-ல ஆமதாபாத் மெட்ரோ ரயில்ல பெயின்ட் அடிச்ச இத்தாலிக்காரங்க கைதான செய்தி ஞாபகம் இருக்கா? உங்களுக்கு அந்த கேஸ் வேணாம். வீட்டுக்காரர், கடைக்காரர், காலேஜ் நிர்வாகம், யார் சுவரோ அவங்ககிட்ட எழுத்துல பெர்மிஷன் வாங்குங்க. கல்ச்சுரல்ஸ் நேரத்துல கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம்.

* மூச்சு முக்கியம்: ஸ்ப்ரே பெயின்ட்டோட ஆவியைத் துணி மாஸ்க்கோ, என்-95-ஓ தடுக்காது. கார்பன் ஃபில்டர் வச்ச மாஸ்க்தான் வேணும். பட்ஜெட் இல்லையா? பிரஷ், ரோலர், எமல்ஷன் போதும். காற்று வர்ற இடத்துல மட்டும் வேலை செய்யுங்க.

* 16 பார்ல தொடங்குங்க: ஒரு பார்னா நாலு தட்டு. நிமிஷத்துக்கு 90 தட்டு வேகத்துல 16 பார் போட்டா சுமார் 43 செகண்ட்தான். ஒரு ரீல்ஸுக்குள்ள அடங்கிடும். அந்த 43 செகண்ட்ல உங்க தெருவைப் பத்திப் பேசுங்க. நீங்க பார்க்காத பிராங்க்ஸ் பத்தியோ, உங்ககிட்ட இல்லாத கார் பத்தியோ வேணாம். துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து அது முன்னாடி நின்னு போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. எதிரொலி குறையும்.

* பேரை எழுதி வைங்க: நெட்ல 'ஃப்ரீ பீட்'னு இருந்தா, காசு சம்பாதிக்கவும் ஃப்ரீயான்னு படிச்சுப் பாருங்க. பல பீட் அப்படி இருக்காது. நண்பர்கள் சேர்ந்து பாட்டு செஞ்சா, வரி யாரு, மெட்டு யாரு, பீட் யாரு, வருமானம் எப்படிப் பிரியும்னு அப்லோடு பண்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. 'நமக்குள்ள என்னடா'னு விட்டா, பாட்டு ஹிட் ஆனதும் நட்பு ஃபிளாப் ஆகும்.

* பக்கத்துல இருக்குறவங்களுக்கும் மைக்: உங்க குழுவுல பொண்ணுங்க இருக்காங்களா? இருந்தா, அவங்க கோரஸ் மட்டும்தான் பாடுறாங்களா? ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

டிரெயின் பெயின்ட் போச்சு, கேசட் போச்சு, புளூடூத் ஃபைலும் போச்சு. ஆனா, தன்னோட பேரைத் தானே எழுதணும்ங்கிற அந்த ஆசை மட்டும் போகலை. கட்சி ரிசர்வ் பண்ணாத, கம்பெனி வாங்காத ஒரு இடம் இப்போ உங்க கையில, ஆறு இன்ச் ஸ்கிரீன்ல இருக்கு. அதுல யாரோ எழுதினதை ஷேர் பண்ணிட்டு மட்டும் இருக்கப் போறீங்களா, இல்ல உங்க தெருவைப் பத்தி உங்க மொழியில நாலு வரி எழுதப் போறீங்களா? நோட்டை எடுங்க... பீட் ஓடிக்கிட்டே இருக்கு!